செல்லுக்கு வெளியேயும் செல்லும் காசு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. அடுப்பில் பால் பொங்கி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அக்கா மகள் ப்ளஸ் டூ உயிரியலை உருப்போடுகிறாள். "ஏடிபி செல்லின் ஆற்றல் நாணயம். ஏடிபி செல்லின் ஆற்றல் நாணயம்." நாலாவது தடவை கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் காசைச் செல்லுக்கு வெளிய எறிஞ்சா என்ன ஆகும்?"

"வீணாப் போகும் மாமா. வேற என்ன ஆகும்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. உலகத்தின் பெரிய மருந்தியல் நிபுணர்களில் பலரும் இருபது வருஷம் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீயை நன்றாக ஆற்றி அவள் கையில் கொடுத்தேன். "குடி. இது உன் நாக்குல பட்டதுல இருந்து பாத்ரூம் வரைக்கும் அந்தக் காசு எங்கெங்க சத்தம் போடுதுன்னு பார்ப்போம்."

முதலில் காசைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். அடினோசின் என்று ஒரு தலை. அதன் பின்னால் மூன்று பாஸ்பேட்டுகள் கோத்த வால். இதுதான் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. வாலின் நுனியில் இருக்கும் பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் தசை சுருங்குகிறது, நரம்பு தன் உப்புக் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. கழன்றதை மைட்டோகாண்ட்ரியா மறுபடி மாட்டிவிடும். உடம்பில் எந்த நேரத்திலும் கையிருப்பு கொஞ்சம்தான்; ஆனால் கழற்றியும் மாட்டியும் ஒரு நாளில் புழங்குவதையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். அத்தனை கை மாறுவதால்தான் நாணயம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த நாணயத்தின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1929-ல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் கார்ல் லோமன் என்று புத்தகங்களில் இருக்கும். அதே ஆண்டு, அவரைச் சாராமல், அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் அதைக் கண்டுபிடித்தார்கள். சுப்பாராவ் பீமவரத்துக்காரர். படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி.

"திருவல்லிக்கேணியா!" என்றாள். பாடத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது.

1929 இன்னும் இரண்டு காரணங்களால் இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-கியோர்கியும் இதயத் தசையின் சாற்றை விலங்குகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு மெதுவாகியது. வேலை செய்த பொருள் அடினோசின் வகையைச் சேர்ந்தது. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொருள் வெளியே இருந்தபடியே இதயத்துக்கு ஏதோ சொல்கிறது என்பதற்கான முதல் தடயம் அது. மூன்றாவது காரணம், அந்த வருஷம் மே மாதம் லண்டனில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக். மீதிக் கதை பெரும்பாலும் அவருடையது.

பர்ன்ஸ்டாக் 1959-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். குடல், சிறுநீர்ப்பை போல நம் சம்மதத்தைக் கேட்காமலே இயங்கும் தசைகளை எந்த நரம்பு எப்படி ஆட்டிவைக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் காலத்துப் பாடத்தில் இதற்கு விடை சுலபம். அத்தகைய தசைகளுக்கு இரண்டே வகை நரம்பு. ஒன்று அசிட்டைல்கோலினைச் சுரந்து பேசும், மற்றது நார்அட்ரினலினைச் சுரந்து பேசும். மூன்றாவது கிடையாது.

1960-களின் தொடக்கத்தில் மேக்ஸ் பென்னட், மோலி ஹோல்மன் இருவரோடும் சேர்ந்து அவர் செய்த சோதனையைச் சற்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். கினிப்பன்றியின் பெருங்குடல் தொடங்கும் இடத்திலிருந்து மெல்லிய தசைப்பட்டை ஒன்றை வெட்டி எடுக்கிறார்கள். உப்புக் கரைசலில் கிடக்கும் அதன் மின்னழுத்தத்தை ஒரு கருவி கோடாக வரைந்துகொண்டே போகிறது. கரைசலில் அட்ரோபினைக் கலக்கிறார்கள். நம் ஊமத்தையில் இருக்கும் அதே விஷம். அசிட்டைல்கோலினின் பேச்சு தசையின் காதில் விழாமல் அடைத்துவிடும். பிரெட்டிலியம் என்ற மருந்தையும் சேர்க்கிறார்கள். நார்அட்ரினலின் நரம்பின் வாய் மூடிக்கொள்கிறது. ஆக, இரண்டு நரம்புக்கும் பூட்டு போட்டாயிற்று. இப்போது மின்சாரம் பாய்ச்சினால் தசை தானாகத் துடித்துச் சுருங்க வேண்டும். அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் கோடு கீழே இறங்கியது. தசை சுருங்குவதற்குப் பதிலாகத் தளர்ந்து படுத்துவிட்டது.

இரண்டு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டிய வீட்டுத் திண்ணையில் மூன்றாவது ஆள் இருமினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவர்களுக்கு. அது நரம்புதானா, தசையே செய்த குறும்பா என்ற சந்தேகத்தைப் பேத்தை மீனின் விஷம் தீர்த்து வைத்தது. டெட்ரோடோடாக்சின் என்ற அந்த விஷம் நரம்பின் மின்துடிப்பை அடக்கும். அதைச் சேர்த்ததும் அந்தத் தளர்ச்சி நின்றுபோயிற்று. ஆகவே நரம்புதான். பேர் தெரியாத ஒரு நரம்பு.

அதன் வாயிலிருந்து வருவது என்ன என்று தேடப் பல வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு பொருளாக ஊற்றிப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நின்றது, யாரும் ஆசைப்பட்டுத் தேடாத ஏடிபி. அதை ஊற்றினால் தசை அதே மாதிரி தளர்ந்தது. நரம்பைத் தூண்டும்போது அடினோசின் சார்ந்த பொருள்கள் வெளியே கசிவதும் தெரிந்தது. 1970-ல் பர்ன்ஸ்டாக் குழு அதை அச்சில் சொன்னது. 1972-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த நரம்புகளுக்குப் 'பியூரினெர்ஜிக்' என்று பெயரும் வைத்துவிட்டார். அடினோசினின் தலையில் இருக்கும் பியூரின் வளையத்திலிருந்து வந்த பெயர். பாமெலா ஹோல்டன் என்ற பெண்மணி முயல் காதின் உணர்ச்சி நரம்பைத் தூண்டி, அங்கே ஏடிபி வெளியாவதை 1959-லேயே காட்டியிருந்தார். அதுவும் இப்போது கைகொடுத்தது.

"அப்புறம் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

எங்கே? நீ சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஒவ்வொரு செல்லும் உயிரைக் கொடுத்துச் சேர்க்கும் சொத்து. அதைப் போய் எந்த நரம்பாவது தெருவில் எறியுமா? எல்லாச் செல்லிலும் இருக்கும் பொருள் எப்படித் தனிச் செய்தியாக முடியும்?

இந்த இடத்தில் டீயைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக யோசிக்க வேண்டும். பெட்டிக்கடைக்குப் போகிறோம். கல்லாவில் ஆள் இல்லை. கடைக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கையில் இருக்கும் இரண்டு ரூபாய்க் காசால் கடலை மிட்டாய் ஜாடியை டிங் டிங்கென்று தட்டுகிறோம். அவர் எட்டிப் பார்க்கிறார். அந்தத் தட்டில் காசு எதையும் வாங்கவில்லை, செலவாகவும் இல்லை. அது கெட்டியாக இருப்பது மட்டும்தான் அங்கே பயன்பட்டது. செல்லுக்கு வெளியே ஏடிபி செய்வதும் இதைத்தான். அதன் ஆற்றலை எடுத்து அங்கே யாரும் செலவழிப்பதில்லை. பக்கத்துச் செல்லின் மேல் ஏற்பி என்று ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. ஏடிபியின் வடிவம் அதில் போய்ப் பொருந்தினால் போதும், கதவு திறக்கும்.

வீண்செலவு என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. நரம்பு முனையில் குட்டிக் குட்டிப் பைகள் இருக்கும். அவற்றில் அடைத்து வெளியே விடும் ஏடிபி, செல்லின் மொத்தக் கையிருப்பில் உண்டியலில் போடும் சில்லறை மாதிரி. இரண்டாவது கேள்விதான் மிக அழகானது. எங்கும் இருப்பது எப்படிச் செய்தியாகும்? செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. வெளியே சாதாரணமாக இருப்பது நானோமோலார் கணக்கில். ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். சந்தை நடுவே காசு விழுந்தால் ஒருவர் காதிலும் விழாது. நடுராத்திரியில் சிமெண்டுத் தரையில் விழுந்தால் வீடே எழுந்துகொள்ளும். வெளியே அத்தனை நிசப்தம் இருப்பதால்தான் சிட்டிகை ஏடிபி கூடப் பெரிய சத்தமாகிறது.

1993, 1994 ஆண்டுகளில் அந்த ஏற்பிகளின் மரபணுக்களையே பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு வாதம் செய்ய ஆளில்லை. இன்றைக்குக் கணக்கு இது: ஏடிபி தொட்ட மாத்திரத்தில் கதவைத் திறக்கும் பி2எக்ஸ் வகையில் 7, உள்ளே ஆள் அனுப்பி மெதுவாக வேலை நடத்தும் பி2ஒய் வகையில் 8, வாலெல்லாம் கழன்று மிஞ்சும் அடினோசினைக் கேட்கும் பி1 வகையில் 4. கோட்பாட்டைச் சொன்னபோது நாற்பதைத் தாண்டியிருந்த பர்ன்ஸ்டாக், உலகம் ஒப்புக்கொண்டபோது அறுபதைத் தாண்டியிருந்தார். 2020-ல் தொண்ணூற்றோரு வயதில் காலமானார்.

டீ ஆறிவிடப் போகிறது. ஒரு வாய் குடிப்போம்.

சர்க்கரையின் இனிப்பும் தேயிலையின் லேசான கசப்பும் நாக்கில் தெரிகின்றனவா? சுவை மொட்டுக்குள் இருக்கும் செல்தான் இனிப்பைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அந்தச் செல் நரம்பு கிடையாது. கண்டதை நரம்பிடம் சொல்லியாக வேண்டும். சொல்லும் வார்த்தை ஏடிபி. இதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃபிங்கரின் குழு 2005-ல் காட்டியது. பி2எக்ஸ்2, பி2எக்ஸ்3 என்ற இரண்டு ஏற்பிகளும் இல்லாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். நாக்கைத் தொட்டால் அந்த எலிகளின் நரம்பு பேசியது. சூடு, குளிர், மெந்தால் எல்லாவற்றுக்கும் பேசியது. சுவைக்கு மட்டும் மௌனம். ஆள் கடைக்குள் இருக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறது, இந்த ஜாடியைத் தட்டும் சத்தம் மட்டும் காதில் விழவில்லை.

மனிதர்களிடம் இதே சோதனை யாரும் திட்டமிடாமல் நடந்தது. மாதக்கணக்கில் நிற்காத வறட்டு இருமலுக்கு கெஃபாபிக்சன்ட் என்று ஒரு மாத்திரை தயாரித்தார்கள். மூச்சுக்குழாய் நரம்புகளில் இருக்கும் பி2எக்ஸ்3 ஏற்பியை அது அடைக்கும். அங்கே ஏடிபி தட்டினாலும் நரம்பு பதறாது. இருமல் குறைந்தது. ஆனால் பெரிய ஆய்வுகளில் அதிக அளவு மாத்திரை எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் சொன்ன புகார் வேறு: சாப்பாடு ருசிக்கவில்லை. தொண்டையில் அடைத்த அதே பூட்டு நாக்கிலும் விழுந்துவிட்டது. ஜப்பான் 2022-லும் ஐரோப்பா 2023-லும் மருந்தை அனுமதித்தன. பலன் போதவில்லை என்று அமெரிக்கா மறுத்துவிட்டது.

"இருமல் போச்சு, சாம்பார் ருசியும் போச்சா?" என்று சிரித்தாள். மருந்தை நிறுத்தினால் ருசி திரும்பிவிடும் என்றேன்.

டீ குடலுக்கு இறங்குகிறது. அங்கே பர்ன்ஸ்டாக் பார்த்த அந்த மூன்றாவது நரம்பு வேலை செய்கிறது. உணவுக்கு முன்னால் இருக்கும் குடல் பகுதி தளர்ந்து வழிவிட்டால்தானே அது நகர முடியும்? அந்தத் தளர்ச்சியில் ஏடிபிக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் பங்கு இருக்கிறது. ஒரே நரம்பு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைச் சேர்த்தே சுரக்கும் என்பதையும் பர்ன்ஸ்டாக் 1976-லேயே சொன்னார். ஒரு நரம்புக்கு ஒரே பொருள் என்று இருந்த காலத்தில் அதற்கும் எதிர்ப்புதான். பல நரம்புகளில் ஏடிபி முந்திக்கொண்டு சட்டென்று பேசிவிடும், நார்அட்ரினலின் பின்னால் வந்து விஸ்தாரமாகப் பேசும் என்று இன்றைக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் டீயின் கஃபீன் மூளைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள, தட்டிய காசு அப்புறம் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும். செல்லுக்கு வெளியே விழுந்த ஏடிபியை அப்படியே கிடக்க விடமாட்டார்கள். அங்கே காவல் இருக்கும் நொதிகள் வாலை ஒவ்வொன்றாக நறுக்கும். மூன்று பாஸ்பேட் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், கடைசியில் வெறும் அடினோசின். ரூபாய் சில்லறையாவது போலத்தான்; ஆனால் இந்தச் சில்லறைக்கும் தனித்தனி வாடிக்கையாளர் உண்டு. நடுவில் வருவது ஏடிபியின் தம்பி, இரண்டு பாஸ்பேட் உள்ள அடினோசின் டைபாஸ்பேட். அதன் பெயரையும் தமிழில் சுருக்கினால் 'ஏடிபி' என்றே வந்து குழப்பும். அதனால் டைபாஸ்பேட் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தட்டுகளைக் கூட்டி அடைப்பு உண்டாக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை, ரத்தத்தட்டில் இருக்கும் பி2ஒய்12 ஏற்பியை அடைத்து அந்தச் செய்தியைத்தான் தடுக்கிறது.

கடைசிச் சில்லறையான அடினோசின் மூளையில் சொல்வது பெரும்பாலும் ஒரே சொல்: போதும். நாம் விழித்திருந்து மூளை உழைக்க உழைக்க அது சேர்ந்துகொண்டே போகிறது. பகலெல்லாம் சேர்ந்த சில்லறை பாரமாகி இமையை அழுத்துகிறது; தூக்கம் வருகிறது. கஃபீன் இங்கேதான் புகுந்து விளையாடுகிறது. அதன் உருவம் அடினோசினின் தலையைப் போலவே இருப்பதால், அடினோசின் உட்கார வேண்டிய ஏற்பியில் முந்திப் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்து எதுவும் சொல்லாது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அப்படி. சீட்டுக்கு உரியவர் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். துண்டை எடுத்ததும், இதுவரை நின்றிருந்த கூட்டம் மொத்தமாக உட்காருகிறது. டீ உற்சாகத்தைக் கொண்டுவந்து தருவதில்லை. களைப்பின் செய்தியைக் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்திவைக்கிறது.

"அப்ப ராத்திரி படிக்கிறதுக்கு டீ குடிக்கிறது?"

கடன்தான் அம்மா. வட்டி மறுநாள் காலையில்.

மூளையில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. மண்டையோட்டை ஓரிடத்தில் காகிதமாய்த் தேய்த்து, உயிருள்ள எலியின் மூளைக்குள் லேசர் நுண்ணோக்கியால் பார்க்கும் முறை 2005-ல் பேசப்பட்டது. மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் தம் மெல்லிய கைகளை நீட்டி மடக்கிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருப்பது தெரிந்தது. லேசரால் ஊசிமுனை அளவுக்கு ஒரு காயம் செய்தார்கள். சுற்றியிருந்த அத்தனை மைக்ரோகிளியாவும் கைகளை அந்தப் பக்கம் நீட்டின. அரை மணி நேரத்துக்குள் காயத்தைச் சுற்றி வேலி கட்டிவிட்டன. யார் கூப்பிட்டது? ஏடிபி. அதைச் சிதைத்தாலோ ஏற்பியை அடைத்தாலோ கைகள் நகரவில்லை. அதில் முக்கியமான ஏற்பி, மேலே மாத்திரைக் கதையில் வந்த அதே பி2ஒய்12.

எந்தச் செல் கிழிந்தாலும் முதலில் கொட்டுவது அதன் உள்சொத்து. பக்கத்து வீட்டில் சுவர் இடிந்து காசு தெருவில் உருண்டால் ஏதோ ஆகிவிட்டது என்று தெருவுக்கே தெரியும் அல்லவா? விரலை நறுக்கிக்கொண்டால் சுரீரென்று வலிப்பதிலும் கொட்டிய ஏடிபிக்குப் பங்கு இருக்கிறது. வலி நரம்புகளில் பி2எக்ஸ்3 ஏற்பிகள் காத்திருக்கின்றன. இந்தச் செய்தி தவறாகவும் போகும். நரம்பு காயம்பட்ட எலிகளின் தண்டுவட மைக்ரோகிளியாவில் பி2எக்ஸ்4 ஏற்பி பெருகி, லேசாகத் தொட்டாலே வலிக்கும் நிலை உண்டாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-ல் காட்டினார்கள். அக்கி ஆறிய பிறகும் சட்டைத் துணி பட்டாலே துடிப்பவர்களின் வலியும் நரம்பு வலி வகைதான். அதை அடக்க இந்த ஏற்பிகளை அடைக்கலாமா என்ற தேடல் அங்கிருந்து வளர்ந்தது.

டம்ளரின் அடியில் தூள் மட்டும் மிச்சம். கடைசி நிறுத்தம் சிறுநீர்ப்பை. அது நிரம்பி விரியும்போது உட்சுவரின் செல்கள் இழுபடுகின்றன. இழுபட்டால் ஏடிபியை வெளியே விடுகின்றன. அடியில் இருக்கும் உணர்ச்சி நரம்பின் பி2எக்ஸ்3 அதைக் கேட்டு மேலே சொல்லி அனுப்புகிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகளின் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பிய பிறகே காலியாவதை 2000-ல் கண்டார்கள். தட்டிக்கொண்டே இருந்தாலும் கடைக்காரர் எழுந்து வர நேரமாகிறது.

நாக்கில் இனிப்பு, குடலில் வழிவிடு, காயத்தில் ஓடிவா, சிறுநீர்ப்பையில் நிரம்பிவிட்டது, வால் போன பிறகு போதும். பொருள் ஒன்றுதான். அது எங்கே விழுகிறது, கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. உயிர் புதுச் சொல்லுக்கு எங்கேயும் அலையவில்லை. எந்தச் செல்லின் மடியிலும் இருக்கும் காசையே எடுத்துத் தட்டிப் பழகிவிட்டது.

அவள் புத்தகத்தை மூடினாள். டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு வேகமாகப் பின்கட்டுப் பக்கம் நடந்தாள்.

"எங்க ஓடற? இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு."

"இருங்க மாமா, ஜாடி தட்டுறாங்க."